கோட்டையும் எலிவளையும்

ஆங்கிலேயர் இந்நாட்டை விட்டு அகன்றபோது எடுத்துச் சென்றவை பல. விட்டுச் சென்றவை சில. விட்டுச் சென்றவற்றுள் ஒன்று அவர்களுடைய பழமொழி. கண்டி நகரத்துப் பள்ளிக்கூடங்களிலே நம் தந்தையர் அவற்றை நெட்டுருப் பண்ணினர். ஓரளவுக்கு நாமும் பண்ணினோம். பொருள் விளங்கியதோ இல்லையோ, பரீட்சைத் தாளில் எழுதிப் புள்ளி வாங்கினோம்.

அப்பழமொழிகளை நாம் இழித்துரைக்க வரவில்லை. எந்நாட்டுப் பழமொழியாயினும் அஃது உழைத்து வாழ்ந்த மக்களுடைய அனுபவத்தின் சாரம். வெயில் அடிக்கும்போதே புல்லை உலர்த்திக்கொள் என்கிறான் ஆங்கில நாட்டுக் குடியானவன். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்கிறான் நம் உழவன். மழை ஓயாத நாட்டிலே கிடைத்தற்கரியது வெயில். களத்திலே நெல்லோடு நிற்பவனுக்குக் கிடைத்தற்கரியது காற்று. சொல்லிய பொருள் வேறு. சொல்லவந்த புத்தி ஒன்றே. கடல் கடந்து வாழ்ந்த இரண்டு உழவர்கள், ஒருவரை ஒருவர் காணாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றனர். இதற்குப் பெயர்தான் பொதுப்புத்தி.

ஆனால், ஒரு பழமொழி யாருக்குச் செல்லும், யாருக்குச் செல்லாது என்ற கேள்வி எழும்போது அது பள்ளிக்கூட விஷயமாக இராது, அரசியல் விஷயமாகிவிடுகிறது. அத்தகைய பழமொழி ஒன்றைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம். ஆங்கிலேயனுக்கு அவன் வீடே கோட்டை என்பது அது. நம்மிடத்திலும் அதற்கு இணை உண்டு. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் பாட்டிமார் சொல்லிப் போந்தனர். அவன் கோட்டை என்று நிமிர்ந்து சொன்னான். நாம் எலிவளை என்று பணிந்து சொன்னோம். இரண்டுக்கும் உட்பொருள் ஒன்றே: மனிதனுக்குத் தான் சாத்தினால் பிறர் திறக்கக்கூடாத ஒரு கதவு வேண்டும்.

இதை இப்போது எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். அண்மையில் ஒரு காலை, கண்டியிலுள்ள நமது அலுவலகத்துக்குத் தெல்தொட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஓய்வு பெற்ற தொழிலாளி. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டாமல், கோயிலுக்கு வருபவர் போல வந்திருந்தார். மரண சாசனம் எழுதவேண்டும் என்றார். “உசுரு இருக்கறப்பவே ஒரு எழுத்து எழுதி வச்சுட்டா நல்லதுங்கய்யா. வீட்ட மகளுக்குக் குடுத்துடணும்,” என்றார். எந்த வீடு என்று கேட்டோம். தாம் பிறந்த லயத்து அறையைச் சொன்னார். அதற்கு முன்னால் தம் சேமலாப நிதிப் பணத்திலே கட்டிய சிறு விறாந்தையைச் சொன்னார். பின்னால் செங்கல் வைத்துக் கட்டிய அடுப்படியைச் சொன்னார். தம் தகப்பனார் நட்ட பலாமரத்தையும் சொன்னார். சட்டம் படித்த நாம் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது என்ன? “பெரியவரே, எழுதிக் கொடுப்பதற்கு உங்களிடம் எதுவும் இல்லை,” என்பதுதான். அவர் சினக்கவில்லை. “அப்ப அந்த அடுப்படி யாருதுங்கய்யா?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியே இக்கட்டுரை.

கோட்டை என்பது வாடகை வீடே

வீடே கோட்டை என்ற மொழி ஆங்கிலேயருக்கு வெறும் வாய்மொழி அன்று. 1604ஆம் ஆண்டில் அவர்களது நீதிமன்றம் அதைச் சட்டமாகவே ஏற்றது. செமேன் வழக்கு என்று சட்ட மாணவர் அனைவரும் படிக்கும் வழக்கு அது. சேர் எட்வேர்ட் கோக் அதைத் தம் வழக்கறிக்கையிலே பதிந்து வைத்தார். இலண்டன் நகரத்துப் பிளாக்பிரையர்ஸ் என்னும் இடத்திலே இருவர் ஒரு வீட்டில் குடியிருந்தனர். ஒருவர் கடன்பட்டு இறந்தார். அவர் பொருளைக் கடனுக்காகக் கைப்பற்ற அரச சேவகர் வந்தபோது மற்றவர் கதவைச் சாத்திவிட்டார். கடன் கொடுத்தவர் வழக்காடினார். கதவைச் சாத்தியவரே வென்றார். தனியார் கடனுக்காக ஒருவன் வீட்டுக் கதவை உடைக்க அரசனுடைய சேவகனுக்கும் அதிகாரமில்லை. அரசனுடைய காரியமேயாயினும், வந்த நோக்கத்தைச் சொல்லிக் கதவைத் திறக்கும்படி முதலிற் கேட்கவேண்டும் என்பது அங்கு நிலைநாட்டப்பட்டது.

இவ்வழக்கிலே பலர் கவனியாது விடும் செய்தி ஒன்றுண்டு. அந்த வீடு அவர்களுக்குச் சொந்தமானதன்று. குறித்த ஆண்டுகளுக்குக் குத்தகையாகப் பெற்றது. அஃதாவது, உலகப் புகழ் பெற்ற அந்தக் கோட்டை ஒரு வாடகை வீடு! பிரபுவின் மாளிகைக்காக எழுந்த விதியன்று அது. குடியிருப்பவனுடைய கதவுக்காக எழுந்த விதி. 1763ஆம் ஆண்டில் ஆப்பிள் மதுவுக்கு வரி விதித்து, வரி அதிகாரிகள் உழவர் வீடுகளுக்குள் புகுந்து பார்க்கலாம் என்று வந்தபோது, வில்லியம் பிட் அவர்கள் பாராளுமன்றத்திலே இதே கருத்தை எடுத்துப் பேசினார். ஏழையின் இடிந்த குடிசைக்குள் காற்றும் மழையும் புகலாம், அரசன் புகலாகாது என்பது அப்பேச்சின் பொருள்.

காற்றும் மழையும் புகும் வீடுகள் கண்டி மலைகளிலே நிறைய உண்டு. அப்பேச்சின் மற்றப் பாதிதான் இங்கு வந்து சேரவில்லை.

மலையேறாத பழமொழி

1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், கண்டி அரண்மனையின் மகுல் மடுவ மண்டபத்திலே உடன்படிக்கை வாசிக்கப்பட்டு இந்நாடு முழுவதும் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டது. 1820களிலே கம்பளை, கன்னொருவைப் பகுதிகளில் கோப்பித் தோட்டங்கள் தோன்றலாயின. தோட்டங்கள் பெருகப் பெருக, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து நம்மவர் மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்தனர். வழியிலே நோயால் மாண்டவர் பலர்.

கோப்பி பறிப்பது பருவ வேலை. பறிப்புக் காலம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். வந்து போகிறவர்களுக்கு எதற்கு வீடு? ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்த அறைகள் போதும் என்று துரைமார் கணக்கிட்டனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையும், முன்னால் ஒரு சிறு திண்ணையும். இதுவே லயம்.

எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைக்காதே என்பதும் ஆங்கிலப் பழமொழியே. அதைச் சொல்லித் தந்தவர்களே மலைநாடு முழுவதையும் கோப்பி என்ற ஒரே கூடையில் வைத்தனர். 1869ஆம் ஆண்டில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. 1884ஆம் ஆண்டில் ஓரியண்டல் வங்கி கதவைச் சாத்தியது. தெல்தொட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்திலே 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, கோப்பி நின்ற இடத்தை எடுத்துக்கொண்டது.

தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கவேண்டும். ஆகவே, வந்தவர்கள் போகவில்லை, மலையிலேயே வேரூன்றினர், பிள்ளை பெற்றனர், முன்னோரைப் புதைத்தனர். வேலை மாறியது, பயிர் மாறியது, வாழ்வு மாறியது. லயம் மட்டும் மாறவில்லை. போகிறவனுக்கென்று கட்டிய அறையிலே இருக்கிறவன் நாலு தலைமுறை வாழ்ந்தான். இன்றைய இடர் அனைத்துக்கும் தோற்றுவாய் இதுவே.

பத்தில் ஒன்பது யாருக்கு?

கைவசம் வைத்திருப்பவன் பக்கமே சட்டத்தில் பத்துக்கு ஒன்பது பங்கு பலம் என்பது இன்னோர் ஆங்கிலப் பழமொழி. இதுவும் நல்ல புத்தியே. ஒருவன் நெடுங்காலம் அமைதியாக அனுபவித்து வருவதைத் திடீரென்று கலைத்தால் ஊரிலே அமைதி இராது.

இப்பழமொழிக்கு மலைநாட்டில் நேர்ந்த கதியைப் பாருங்கள். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் முடிக்குரியன என்று ஊகித்தது. கண்டிப் பகுதிகளிலே சேனைக் காணிக்கு உரிமை கொண்டாடிய சிங்களக் கிராமவாசியிடம் அரச சன்னசு எங்கே, வரி செலுத்திய அத்தாட்சி எங்கே என்று கேட்டது. பாட்டன் பூட்டன் காலமாகக் கைவசம் வைத்திருந்தவனுக்கு ஒன்பது பங்கும் இல்லை, ஒரு பங்கும் இல்லை. காகிதம் இல்லாத காரணத்தால் காணி போயிற்று.

லயத்துத் தமிழனுடைய நிலையையும் பாருங்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, பிறர் காணியைப் பத்து ஆண்டுகள் இடையூறின்றி, உரித்தாளிக்கு எதிராகத் தனதாக்கி ஆண்டவன் உரிமை பெறலாம். எனில், நூறாண்டு இருந்தவன் ஏன் பெறவில்லை? அவன் எதிராக இருக்கவில்லை; அனுமதியோடு இருந்தான் என்கிறது சட்டம். மேலும், தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுக்குரியவாயின. அரசுக்கு எதிராக இந்தக் காலக்கணக்கு ஓடாது. வேலி பாய்ந்து பிடித்தவனுக்குப் பத்தாண்டில் உரிமை உண்டு. அழைத்து வந்து குடியேற்றப்பட்டவனுக்கு நூறாண்டிலும் இல்லை! சட்டத்தின் தருக்கத்தை நாம் அறிவோம். அதன் நியாயம்தான் நமக்கு விளங்கவில்லை.

யாழ்ப்பாணத்து வேளாண் பெருமக்கள் இதனை எளிதில் உணர்வர். வேலி அரை அடி நகர்ந்தது என்பதற்காக உடன்பிறந்தார் இருவர் மாவட்ட நீதிமன்றம் தொடங்கி மேல்முறையீடு வரை நடப்பதை நாம் எத்தனை கண்டிருக்கிறோம்! சட்டத்தரணிகளாகிய நாமும் அதனாற் பிழைத்திருக்கிறோம். அரை அடி வேலிக்கு இத்தனை மானம் உண்டென்றால், ஓரடி மண்ணும் தன் பெயரில் இல்லாதவனுடைய மனம் எப்படியிருக்கும்?

நேவ்ஸ்மயர்த் தோட்டத்து நீதி

இப்பழமொழிகளுக்கெல்லாம் ஒரு சோதனை வந்தது. கண்டியை அடுத்த கேகாலை மாவட்டத்திலே நேவ்ஸ்மயர் என்ற தோட்டத்தை, 1940களின் நடுப்பகுதியில், கிராம விஸ்தரிப்புக்கென அரசாங்கம் எடுத்துக்கொண்டது. லயங்களில் வாழ்ந்த தமிழர் வெளியேறும்படி பணிக்கப்பட்டனர். அவர்கள் மறுத்தனர். தம் அறையிலே இருந்த குற்றத்துக்காக, அத்துமீறி நுழைந்தோர் என்று அவர்கள்மீது குற்றவியல் வழக்குத் தொடரப்பட்டது.

வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. செல்வநாயகம் எதிர் மன்னர் என்று சட்டநூல்கள் அதனைக் குறிக்கும். அச்செல்வநாயகம் நாமெல்லாம் அறிந்த அரசியல் தலைவர் அல்லர், அத்தோட்டத்தில் வாழ்ந்தவர். 1950ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. தனக்கு உரிமையுண்டென்று ஒருவன் மெய்யாக நம்பி ஓரிடத்தில் இருப்பானாயின், அந்த உரிமை சட்டத்தில் நில்லாது போயினும், பிறருக்குத் தொல்லையாக இருக்கிறது என்ற ஒன்றால் மட்டும் அவன் குற்றவாளியாகான் என்று அம்மன்றம் தீர்த்தது. இந்திய நீதிமன்றங்களும் இன்றளவும் இத்தீர்ப்பை எடுத்தாள்கின்றன.

இலண்டனிலே எழுந்த பழமொழி, மலையேறி வரமாட்டாமல், மலையிலிருந்து ஒருவன் இலண்டனுக்குச் சென்றபோதுதான் கிடைத்தது. அதுவும் பாதியே கிடைத்தது. நீ குற்றவாளி அல்லை என்றது நீதிமன்றம். நீ உரிமையாளன் என்று சொல்லவில்லை. சொல்லும்படி எவரும் அங்குக் கேட்கவும் இல்லை.

அத்தீர்ப்பு வந்தபோது அவர்களுக்கு நாடே இல்லாது போயிருந்தது என்பதையும் மறத்தல் ஆகாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையும் பாட்டனும் எங்குப் பிறந்தனர் என்பதற்கு அத்தாட்சி கேட்டது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் பார்க்கலாம் என விட்டுவைத்தது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் வந்தது. காலத்திலே போட்ட ஒரு தையல் ஒன்பது தையலை மிச்சப்படுத்தும் என்று படித்தவர்கள், ஒரு தையலுக்கு 55 ஆண்டுகள் எடுத்துக்கொண்டனர்!

தானமாக வந்த மாடு

இன்று நிலை ஓரளவு மாறியுள்ளது. அதை மறைப்பது நேர்மையன்று. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற கொள்கை வந்தது. இந்திய அரசின் உதவியால் நாலாயிரம் வீடுகளுக்கான திட்டம் எழுந்தது. 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச் என்பது யாழ்ப்பாணத்துக் கணக்கில் ஒரு பரப்பிலும் குறைவு. எனினும் 120 சதுர அடி அறையிலிருந்து வருபவனுக்கு அது பெரிதே.

ஆனால், உறுதி எங்கே என்று கேட்டால் அதிகாரிகள் முகம் சுளிக்கின்றனர். தானமாக வந்த குதிரையின் வாயைத் திறந்து பார்க்காதே என்பான் ஆங்கிலேயன். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பது நம் மொழி. கிடைத்ததைக் கொண்டு திருப்தியடை, உறுதி கிறுதி என்று கேளாதே என்பதே இவர்கள் உபதேசம்.

இதற்கு நாம் இரண்டு மறுமொழி சொல்வோம். முதலாவது, இது தானமன்று. நூற்றைம்பது ஆண்டு உழைப்பின் நிலுவை. நிலுவையைத் தருபவன் கொடையாளி ஆகமாட்டான். இரண்டாவது, கொடுத்த மாட்டின் கயிற்றைக் கொடுத்தவனே பிடித்திருந்தால் அது கொடுத்ததாகாது. தெளிந்த உறுதியில்லாத வீட்டை வங்கியில் ஈடு வைக்கமுடியாது, விற்கமுடியாது, மகளுக்கு எழுதமுடியாது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து, கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகள் பல இடிந்தபோது, வீட்டோடு குடும்பங்கள் மண்ணுள் மறைந்ததைக் கண்டோம். அத்தகைய நாளிலே, இழந்த வீடு என்னுடையது என்று சொல்லவும் ஒரு காகிதம் வேண்டியிருக்கிறதே!

சிங்கள உழவனுக்கும் ஒரு சொல்

நம் காணி பறிபோயிற்று, அதைத் தமிழனுக்குக் கொடுப்பதா என்று கேட்கும் கண்டிச் சிங்கள உழவர் உண்டு. அவர் குறையை நாம் அலட்சியம் செய்யவில்லை. கண்டி விவசாயிகள் ஆணைக்குழு 1951ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது; அவர்கள் வறுமை மெய்யே. ஆனால் காணியைப் பறித்தது 1840ஆம் ஆண்டுச் சட்டம். கூடை சுமந்தவன் அல்லன். சன்னசு எங்கே என்று இவரைக் கேட்ட அதே வாய்தான் உறுதி எங்கே என்று அவனைக் கேட்கிறது. நேவ்ஸ்மயரில் நடந்ததுபோல ஒரு ஏழையை எழுப்பி இன்னோர் ஏழையை இருத்துவது தீர்வாகாது.

கண்டி இராச்சியத்திலே 1660 முதல் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்த றொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், 1681இல் வெளியிட்ட நூலிலே இம்மலைநாட்டுப் பழமொழி ஒன்றைக் குறித்தார். சேற்றைக் கழுவிவிட்டால் உழவன் நாடாளவும் தக்கவன் என்பது அதன் கருத்து. நாடாளத் தக்கவன் ஒரு வீட்டை ஆளத் தகாதவனா? இப்பழமொழி கண்டிச் சிங்களவருடையது. அதை அவர்கள் தேயிலை மலைக்கும் நீட்டட்டும் என்பதே நமது வேண்டுகோள்.

நாம் கேட்பது

நாம் கேட்பது அதிகமன்று. முதலாவது, வீடு கட்டிக் கொடுக்கும் இடங்களில் எல்லாம் நில அளவை செய்து, பதியப்பட்ட உறுதி, கணவன் மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்பட வேண்டும். இரண்டாவது, வீடு வரும்வரை லயத்தில் இருப்போரின் குடியிருப்பும், அவர்கள் தம் கைப்பணத்தால் கட்டியவையும் பட்டியலிடப்பட்டு, அவர்களுக்குரியவை எனச் சட்டம் ஏற்கவேண்டும். மூன்றாவது, தோட்டங்களை 1992 முதல் நடத்திவரும் கம்பனிகளின் சம்மதத்துக்காகக் குடியிருப்புக் காணி காத்திருக்கக்கூடாது; காணி அரசுடையது, கடமையும் அரசுடையதே.

படித்த நம்மவருக்கும் ஒரு பொறுப்புண்டு. நில அளவையாளரும் நொத்தாரிசுகளும் சட்டத்தரணிகளும் மாதத்தில் ஒரு நாளை இம்மக்களுக்கு ஒதுக்கினால், எந்தத் தோட்டத்தில் எந்தக் குடும்பம் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்ற பதிவேட்டை நாமே ஆயத்தம் செய்யலாம். காகிதம் கேட்கும் அரசுக்குக் காகிதத்தாலேயே விடை கூறுவோம். வடக்கிலும் கிழக்கிலும் காணிக்காகக் குரல் எழுப்பும் விவசாயப் பெருமக்கள், தம் தீர்மானங்களிலே மலைநாட்டுக் காணியையும் ஒரு வரியாகச் சேர்க்கட்டும்.

அந்தப் பெரியவருக்கு நாம் மரண சாசனம் எழுதிக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, அவர் கட்டிய விறாந்தையையும் அடுப்படியையும், தகப்பனார் நட்ட பலாமரத்தையும் விவரித்து ஒரு சத்தியக் கடதாசி எழுதிக் கையொப்பம் வாங்கினோம். இன்று அதற்கு நீதிமன்றத்திலே பெறுமதி சொற்பம் என்பதை அவரிடம் ஒளிக்கவில்லை. அவர் அதை நாலாக மடித்து மடியிலே செருகிக்கொண்டார். ஆங்கிலேயன் கோட்டை என்றான். அவர் கேட்பது எலிவளை. அதையும் கொடுக்க மனமில்லாத நாட்டிலே, பிள்ளைகளுக்குப் பழமொழி படிப்பித்து ஆவதென்ன?